சிலம்பும் மிட்டாயும்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

என்னை அறிமுகப்படுத்திய செயலாளர் ஒரு செய்தி சொன்னார். "மாலை நான்கு மணி முதல் அடைமழை. கூட்டம் நடக்குமா என்று கலங்கி நின்றோம். பேச்சாளர் வண்டியைவிட்டு இறங்கினார், மழை நின்றது!" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் புன்னகை பூத்தேன். பொய் சொல்வானேன், தோழர்களே, உள்ளம் சற்றுக் குளிர்ந்துகூடப் போயிற்று!

மேடையில் அமர்ந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நான் இறங்கியது கடைத்தெருவில். மழை கடைத்தெருவில் மட்டுமா நின்றது? நான் அடியெடுத்து வைக்காத அடுத்த ஊரிலும் நின்றது. என் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மாற்றுக் கட்சித் தோழரின் வீட்டு முற்றத்திலும் நின்றது! அது போகட்டும். சென்ற மாதம் வேறோர் ஊரில் நான் ஒலிபெருக்கியைத் தொட்டேன், வானம் பிளந்தது, பந்தல் சரிந்தது, நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோழர்கள் ஓடினார்கள். "பேச்சாளர் பேசத் தொடங்கினார், பெருமழை பிடித்தது" என்று அந்த ஊர்ச் செயலாளர் எந்த மேடையிலாவது சொல்வாரா? சொல்லமாட்டார். நின்ற மழைக்குக் கணக்கு உண்டு. கொட்டிய மழைக்குக் கணக்கு இல்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள். காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. உட்கார்ந்ததால் விழுந்தது என்ற அந்த நடுச்சொல்லுக்குத்தான் சான்று இல்லை. வடமொழித் தருக்க நூலாரும் இதே காக்கையையும் இதே பனம்பழத்தையும் வைத்துத்தான் இந்தக் கோளாறுக்குக் 'காகதாலியம்' என்று பெயரிட்டார்கள். படித்தவருக்கும் பாட்டிக்கும் ஒரே மரத்தடியில் உதித்த அறிவு!

"வாழ்வில் வழுக்கும் வாதங்கள்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். மழை நின்ற கதையால் எவருக்கும் கேடு இல்லை. எனக்குக் கொஞ்சம் புகழ். செயலாளருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி. ஆனால் அதே காக்கை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால்?

மருமகள் வீடு வந்த மூன்றாம் மாதம் மாமனார் மாரடைப்பால் மடிகிறார். முப்பது ஆண்டுகள் ஊதித் தள்ளிய சுருட்டு குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. மருத்துவர் எச்சரித்தும் மாற்றிக்கொள்ளாத உணவுப் பழக்கம் கூண்டில் ஏறவில்லை. ஏறியவள் யார்? மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாத அந்தப் பெண்! "இவள் கால் வைத்த வேளை" என்கிறாள் அத்தை. "ஜாதகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை" என்கிறார் சித்தப்பா. "மூலமாமே!" என்கிறது அடுத்த வீடு. அதற்கொரு பழமொழி வேறு ஆயத்தமாக இருக்கிறது: ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்! ஒரே நட்சத்திரம், ஆணென்றால் அரியணை தருமாம். பெண்ணென்றால் பாடை கட்டுமாம்!

நட்சத்திரங்கள் 27 என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே ஊரிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 27 பேருக்கு ஒருத்தி மூலத்தில் பிறந்திருப்பாள். இந்த ஊரில் இரண்டாயிரம் பெண்கள் என்றால் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த நட்சத்திரக்காரிகள். அவர்களின் மாமனார்களில் எத்தனை பேர் எண்பது வயதிலும் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு அரசியல் பேசுகிறார்கள்! அவர்களை எவராவது எண்ணினார்களா? மற்ற 26 நட்சத்திரங்களில் பிறந்த மருமகள்களின் மாமனார்கள் எல்லாம் சாகாவரம் பெற்றா இருக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் அந்த இழவு வீட்டிலே ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒரு பெண்ணின் வாழ்வு பிழைத்திருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லை. ஆகவே அவள் அடுக்களையின் மூலையில் ஒடுங்கினாள். திருமண வீடுகளில் பின்வரிசைக்குப் போனாள். நாளடைவில் தானே அதை நம்பவும் தொடங்கினாள். தோழர்களே, தாய்மார்களே, பொய்யான வாதம் எதிரியின் வாயிலிருந்து வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது பாதிக்கப்பட்டவளின் நெஞ்சிலேயே குடியேறுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாமரர்கள்தாம் இப்படி என்று எண்ணவேண்டாம். 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் நிலம் நடுங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நாட்களில் காந்தியார் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அதே மாதம் 24-ஆம் நாள் நம் திருநெல்வேலிக்கு வந்தார். அங்கே கூடியிருந்த மக்களிடம், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நாம் இழைத்த பெரும்பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்ற கருத்தைச் சொன்னார்.

நோக்கம் பழுதற்றது. தீண்டாமை ஒழியவேண்டும் என்பதில் நமக்கு இம்மியும் ஐயமில்லை. ஆனால் காட்டிய காரணம்? பீகாரில் இடிந்தவை மாளிகைகள் மட்டும்தாமா? தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் குடிசைகளும் சேர்ந்துதானே சரிந்தன? தண்டனை முகவரி தவறிப் போயிற்றா? இதை மறுத்து எழுதியவர் ஒரு சனாதனி அல்லர். தீண்டாமையை வெறுப்பதில் காந்தியாருக்கு இளைக்காத இரவீந்திரநாத தாகூர்! இயற்கையின் அழிவுக்கு இயற்கையிலேதான் காரணம் தேடவேண்டும் என்றார் அவர். இன்னும் கூர்மையாக ஒன்றும் சொன்னார்: இந்த வாதம் உம்மைவிட உம் எதிரிகளுக்கு அல்லவா பொருந்தும், உம்மால்தான் தெய்வம் சினந்தது என்று அவர்களும் சொல்லலாமே என்றார். காந்தியார் அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' ஏட்டிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். தம் பிடியை விடவில்லை. ஆயினும் தம்மை மறுத்த எழுத்தைத் தம் ஏட்டிலேயே அச்சேற்றினார். அந்தப் பெருந்தன்மை இன்று எத்தனை ஏடுகளுக்கு உண்டு? நம் ஏட்டையும் சேர்த்தே கேட்கிறேன், ஆசிரியர் பொறுத்தருள்க!

இரு தரப்புக்கும் ஒருங்கே ஊழியம் செய்யும் காரணம் எந்தத் தரப்பையும் நிலைநாட்டாது. இதை நமக்கு மேல்நாட்டார் வந்து சொல்லவேண்டியதில்லை. சாத்தனார் சொல்லி வைத்திருக்கிறார். மணிமேகலையின் 29-ஆம் காதையைப் புரட்டுங்கள். காஞ்சியிலே அறவண அடிகள் அந்த இளம் துறவிக்கு முதலில் எதைப் போதிக்கிறார்? எப்படிச் சிந்திப்பது என்பதை! மலையிலே நெருப்பு இருக்கிறது என்கிறாய். அது உன் பக்கம். ஏன் என்று கேட்டால், புகை தெரிகிறது என்கிறாய். அது உன் ஏது. எதைப்போல என்றால், அடுக்களையைப்போல என்கிறாய். அது உன் எடுத்துக்காட்டு. அரச அவையிலிருந்து அல்ல, தாய்மார்களே, உங்கள் அடுக்களையிலிருந்து எடுத்திருக்கிறார்கள் அளவை நூலுக்கு எடுத்துக்காட்டு!

பிறகு பழுதுகளைப் பட்டியலிடுகிறார். பக்கத்தில் நேரும் பழுது 9. ஏதுவில் நேரும் பழுது 14. எடுத்துக்காட்டில் நேரும் பழுது 10. ஒரு பக்கத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் ஓடும் ஏதுவுக்கு 'அநைகாந்திகம்' என்று பெயர். மலைமேல் தெரிவது பனியா ஆவியா புகையா என்று தெளியுமுன்பே, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு என்று முடிவு கட்டுகிறோமே, அதுவும் அந்தப் பட்டியலில் ஒன்று. நான் கல்லூரியில் இருந்த சொற்ப நாளில் இந்தக் காதையைத் "தேர்வுக்கு வராது" என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அட்சய பாத்திரம் தேர்வுக்கு வந்தது. அறிவின் பாத்திரம் வரவில்லை!

இந்தப் பனிமூட்டப் பழுது ஒன்றை மட்டும் இன்று விரித்துச் சொல்லுகிறேன். நாடகக்காரன் நான், காட்சியாகத்தான் எனக்குச் சொல்ல வரும்.

மதுரை. கடைத்தெரு. கோவலன் கையில் ஒற்றைச் சிலம்பு. எதிரே அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பை முன்பே களவாடியவன் அவன். "இங்கேயே இரும்" என்று கோவலனை அமர்த்திவிட்டு அரண்மனைக்கு விரைகிறான். அங்கே அரசி ஊடல்கொண்டு, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைத் தணிக்கப் போகும் அவசரத்தில் வருகிறான் பாண்டியன். வழியிலே காலில் விழுகிறான் பொற்கொல்லன். "கன்னக்கோல் இல்லாமல், மந்திரத்தால் காவலரை உறங்கவைத்துச் சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான்" என்கிறான்.

கவனியுங்கள். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் 'கள்வன்' என்ற பெயர் சூட்டியாயிற்று. எதை மெய்ப்பிக்கவேண்டுமோ அதையே முதல் வாக்கியத்தில் மெய்யென்று வைத்தாயிற்று. கன்னக்கோல் கிடைக்கவில்லையே என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாதல்லவா? அதனால் மந்திரம் வந்தது. கருவி இருந்தால் கருவியே சான்று. கருவி இல்லாவிட்டால் மந்திரம் சான்று! எப்படி விழுந்தாலும் கழுத்தில் விழும் கத்தி இது.

மன்னன் காவலரை அழைக்கிறான். அரசியின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று கொண்டுவருக என்கிறான். "இருக்குமானால்" என்று ஒரு நிபந்தனை இருந்தது, தோழர்களே! அந்த ஒரு சொல்லைக் காவலர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். அரசியின் சிலம்பா, அரசியின் சிலம்பைப் போன்ற சிலம்பா? 'போன்ற' என்பது பனிமூட்டம். அதைப் புகை என்று துணிந்தார்கள்.

காவலரிடத்திலும் ஒரு கணம் அறிவு விழித்தது. இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்றார்கள். முகத்தைப் பார்த்துத் தீர்ப்பதும் குறைபாடுதான். ஆனாலும் அது உயிரைக் காக்கும் ஐயம். பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர்களுக்கு எட்டுத் துணைகள் உண்டு என்று விரல்விட்டு எண்ணுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அவன் சொன்னதெல்லாம் கள்வர்களைப் பற்றி. கோவலனைப் பற்றி ஒரு சொல் சொன்னானா? இல்லை! கள்வனாகத் தெரியவில்லை என்று சொன்னால், அதுதான் கள்வனின் திறமை என்கிறான். உடனே காவலருள் ஓர் இளைஞன் தன் சொந்தக் கதையைத் தொடங்குகிறான்: ஒரு மழையிரவில் ஒரு கள்வன் என் வாளையே பிடுங்கிக்கொண்டு மறைந்தான் என்று. அது உண்மையாகவே இருக்கலாம். அந்த இரவுக்கும் இந்தப் பகலுக்கும் என்ன தொடர்பு? அந்தக் கள்வனுக்கும் இந்தக் கணவனுக்கும் என்ன உறவு? ஆனால் கதை கேட்ட கைகளில் வாள் துடித்தது. எதையும் ஆராயாத குடியன் ஒருவன் வாளை வீசினான். முடிந்தது.

ஊழ்வினை என்கிறார் இளங்கோ. அந்த வழக்குக்குள் இன்று நான் புகவில்லை. ஆனால் ஊழ்வினை உள்ளே நுழைந்த வாயில் எது என்று மட்டும் கேட்கிறேன். அங்கே காவலுக்கு நின்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தச் சிலம்புக்குள் என்ன இருக்கிறது?"

அதைக் கேட்டவள் கண்ணகி. கண்ணீரோடு வந்தாள், ஆனால் கண்ணீரைச் சான்றாக வைக்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எம் சிலம்பின் பரல் முத்து என்றான் மன்னன். இரண்டுக்கும் எது வேற்றுமையோ அதை இருவரும் முதலில் ஒப்புக்கொண்டார்கள், பிறகு உடைத்தார்கள். மணி தெறித்தது. மன்னன் தன்னையே கள்வன் என்று தீர்த்துக்கொண்டு உயிர்விட்டான். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் உடைத்துப் பார்ப்பதற்கு எடுத்த நேரம் எவ்வளவு? ஒரு நொடி! அந்த நொடியைக் காலையிலே செலவிட்டிருந்தால்...

பழங்கதை என்று எழுந்து போய்விடாதீர்கள். 2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. அதில் 60 வயது கடந்த ஒரு மூதாட்டி. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். தெருவிலே விளையாடிய குழந்தைகளைப் பார்த்ததும் அந்தத் தாய் என்ன செய்தார்? நம் வீட்டுப் பாட்டி என்ன செய்வாரோ அதைச் செய்தார்: மிட்டாய் கொடுத்தார்.

அந்த நாட்களில் கைப்பேசி தோறும் ஒரு வதந்தி பறந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று. பிள்ளை பிடிப்பவர் மிட்டாய் கொடுப்பர். இவர் மிட்டாய் கொடுக்கிறார். ஆகவே இவர் பிள்ளை பிடிப்பவர்! சிலம்பு போன ஊரில் கையில் சிலம்போடு நிற்பவன் கள்வன் என்றார்களே, அதே வாதம். சிலம்புக்குப் பதில் மிட்டாய். பொற்கொல்லனுக்குப் பதில் கைப்பேசி. கூட்டம் கூடிற்று, அடித்தது, அந்த மூதாட்டி மாண்டார். உடன்வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். பிறகு காவல் துறை வந்தது. பலரைக் கைது செய்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் மராட்டியத்தின் துலே மாவட்டத்தில் இதே ஐயத்தின் பேரில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அந்த மாதமே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் இங்கே பரப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் எல்லை வகுத்தது.

அந்த ஊர் மக்கள் கொடியவர்களா? நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. தங்கள் பிள்ளைகளுக்காகத்தான் பதறினார்கள். பாசம் உண்மை, பயம் உண்மை, வாதம் மட்டும் பொய். மிட்டாய் கொடுப்பவர் வேறு யார் யார் என்று ஒருவர் கேட்டிருந்தால்? தாத்தா கொடுப்பார், கடைக்காரர் கொடுப்பார், பிறந்தநாள் கொண்டாடுபவர் கொடுப்பார், தேர்தலில் வென்றவர் கொடுப்பார்! அந்தப் பெருங்கூட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் எத்தனை பேர்? "இவரும் கொடுக்கிறார்" என்பது எதைக் காட்டுகிறது? ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாமையிலிருந்து ஒரு பிணம் விழுந்தது.

இதுவரை நீங்கள் கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்டுவீர்களோ, அறியேன். ஏனென்றால் பொற்கொல்லனை நான் வெளியே தேடி வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பேசினேன். கூட்ட இறுதியில் கேள்விச் சீட்டுகள் வந்தன. ஒரு சீட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியது. நம்மவர்கள் பொறுப்பில் கட்டிய ஏரி மதகு இரண்டாம் ஆண்டே உடைந்துவிட்டதே, காரணம் என்ன என்று கேட்டிருந்தார். எழுதியவர் யார் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் ஓதினார்: மூன்று கட்சி மாறியவர். அது போதுமே எனக்கு! ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "மதகு உடைந்த கதையைக் கேட்கிறார் பெரியவர், தம் கொள்கை மும்முறை உடைந்த கதையை எப்போது சொல்லப்போகிறார்?" என்றேன். கைத்தட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்று இரவு நான் வென்றதாகவே எண்ணினேன்.

பேருந்து நிலையத்துக்கு என்னோடு நடந்துவந்தார் ஒரு விவசாயத் தோழர். கடைமடைக்காரர். நம் கொடியைத் தவிர வேறு கொடியைத் தொடாதவர். சிறிது தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "பேச்சு நன்றாக இருந்தது, தம்பி. அதிருக்கட்டும், மதகு ஏன் உடைந்தது?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. இருந்திருந்தால் மேடையிலேயே சொல்லியிருப்பேனே! விடை இல்லாததால்தான் கேட்டவரின் வரலாற்றைக் கையில் எடுத்தேன். அவர் மூன்று கட்சி மாறியது உண்மை. அதனால் மதகின் சுண்ணாம்பும் சிமெண்டும் கெட்டியாகிவிடுமா? அந்த ஆண்டும் அந்தத் தோழரின் கடைமடை நிலம் தரிசாகவே கிடந்தது. என் நகைச்சுவை அவர் வாய்க்காலில் ஒரு சொட்டு நீரைக்கூட விடவில்லை.

மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கப் போனபோது, தன் உருவில் போகவில்லை; முதிய தவத்தோன் வடிவில் போனாள். ஏன்? இளம்பெண் என்று கண்டால் இவர்கள் பொருளை விளக்கமாட்டார்கள் என்று தெய்வமே முன்னறிந்து, வேற்றுருக் கொள்ளும் மந்திரம் தந்ததாம். கேள்வியைப் பாராமல் கேட்பவரைப் பார்க்கும் நோய்க்குத் தெய்வமும் மருந்து காணவில்லை, மாறுவேடம்தான் கண்டது! எங்கள் கூட்டத்துக்கு வந்த அந்த ஆசிரியருக்கு மாறுவேடம் இல்லை.

இன்னும் பல உண்டு, நேரம் இல்லை. எதிரி சொல்லாததை அவர் சொன்னதாக ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்து, அதை அடித்து வீழ்த்தி மாலை வாங்கிக்கொள்வது நம் மேடைகளில் அன்றாடம் நடக்கிறது. என்னோடு இரு, இல்லையேல் நீ எதிரியோடு இருக்கிறாய் என்று இரண்டே கதவுகளைக் காட்டி மூன்றாம் கதவை மறைப்பதும் நடக்கிறது. அவர்கள் மட்டும் ஊழல் செய்யவில்லையா என்று கேட்டு நம் கணக்கை மூடுவதும் நடக்கிறது, வீட்டிலே "பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் அடிக்கவில்லையா?" என்று அழும் பிள்ளைக்கு நாம் இரண்டு வைக்கிறோம்! இவற்றையெல்லாம் மாற்றாரின் ஏட்டில் தேடுவது எளிது. நாளைக் காலை நம் ஏட்டில் தேடிப் பாருங்கள். சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எனக்கு அனுப்புங்கள். என் கட்டுரை வந்த பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். தலைவர் என்னைப் பற்றிக் கூறும்போது, "கல்லூரிப் படிப்பைத் தூக்கியெறிந்தார், அதனால் இன்று நாடறிந்த நாவலர் ஆனார்" என்றார். அன்புரை, ஆனால் அதிலும் காக்கை உட்கார்ந்திருக்கிறது. நான் தூக்கியெறியவில்லை, தோழர்களே. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட இயலவில்லை, நாடகக் குழு ஒன்று சோறு போட்டது, போனேன். இதை மேடையில் சொல்வது சுவையாக இராது என்பதால், தூக்கியெறிந்ததாக நானே இரண்டு மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

அது ஓர் இளைஞனின் செவியில் விழுந்திருக்கிறது. சென்ற வாரம் என் இல்லம் தேடி வந்தான். முதல் ஆண்டு பொறியியல். "அண்ணா, நானும் விட்டுவிட்டு வருகிறேன். மேடைதான் என் கல்லூரி" என்றான். பேச்சில் நெருப்பு இருந்தது. ஒரு கணம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

உட்காரவைத்தேன். "என்னோடு அந்த ஆண்டு கல்லூரியை விட்டவர்கள் நான்கு பேர், தம்பி. நானும் சேர்ந்தால் ஐவர். ஒருவன் லாரி ஓட்டுகிறான். ஒருவன் ஊரைவிட்டுப் போனவன், கடிதம் இல்லை. ஒருவன் கந்துவட்டிக்காரனுக்குப் பயந்து பகலில் வீட்டில் தங்குவதில்லை. ஒருவன் என்னைவிட நன்றாகப் பேசுவான். மதுக்கடை வாசலில் பேசிக்கொண்டிருக்கிறான். அவர்களுக்கு எவரும் ஒலிபெருக்கி தருவதில்லை. அதனால் கல்லூரியை விட்டவர்களில் என் குரல் ஒன்றுதான் உன் காதுக்கு வந்தது" என்றேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் நான்கு நண்பர்களுக்கும் கட்டணம் கட்ட முடிந்திருந்தால், எல்லோரும் தேறியிருப்பார்கள் என்று மட்டும் எப்படி அண்ணா சொல்லமுடியும்?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியான கேள்வி! சொல்லமுடியாது என்று ஒப்புக்கொண்டேன்.

அவன் என்ன முடிவு செய்தான் என்று என்னிடம் சொல்லவில்லை. இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். எங்கே அமர்ந்திருக்கிறான் என்று காட்டமாட்டேன். கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. இந்த ஊரிலிருந்து முதல் பேருந்து காலை ஆறே காலுக்கு.